தண்ணீர் கடைசியில்

தொட்டிக்கு வியர்த்திருந்தது.

ஹட்டனுக்குச் சற்று வெளியே, மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்திய ஒரு பட்டறை முற்றம். காலை எட்டரை மணி. முற்றத்தின் நடுவில் நின்ற இரும்புத் தொட்டிக்குள் பீலித் தண்ணீரை முட்ட நிரப்பி, கைப்பம்பால் அழுத்தத்தை 13 பார் வரை ஏற்றி, சிறிது நேரம் அப்படியே வைத்துவிட்டு 10 பாருக்கு இறக்கியிருந்தோம். இனி பரிசோதகனான நான் கிட்டப் போய் ஒவ்வொரு வெல்டையும் கண்ணால் பார்த்து, எங்காவது ஈரம் கசிகிறதா என்று சொல்ல வேண்டும். கிட்டப் போனேன். தொட்டி முழுவதும் ஈரம். மேல்மூடியிலிருந்து அடி வரை முத்து முத்தாகத் தண்ணீர். வெல்ட் ஓடிய இடங்களில் அது கோடாக வழிந்து கால் தகட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, இது கசிவில்லை. பனிக்கு வியர்க்கிறது," என்றார் வெல்டர் அண்ணன். அண்ணன் என்று கூப்பிட்டாலும் அவருக்கு என் அப்பாவின் வயது இருக்கும்.

"தெரியும் அண்ணன். ஆனால் கசிவு ஒன்று இருந்தால் இந்த வியர்வைக்குள் அதை எப்படிப் பிரித்தெடுப்பது?"

அவர் பழைய பேப்பர் ஒன்றை எடுத்து, தொட்டியின் மேலிருந்து கீழாக ஓடும் வெல்டான நீளமூட்டைத் துடைத்தார். கை கீழ்முனைக்கு வருவதற்குள் மேல்முனை மறுபடி மங்கிவிட்டது, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல. பேப்பரைக் கசக்கி எறிந்துவிட்டு, "அப்படியானால் பிளேன்டீ குடிப்போம்," என்றார்.

குடித்தோம். மத்தியானம் வரை மூன்று தடவை குடித்தோம். தொட்டியும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்த பிறகே அழுத்தம் ஏற்ற வேண்டும் என்று அழுத்தக் கலன்களுக்கான விதிநூல் சொல்கிறது. அவை இரண்டும் ஒரே சூட்டில்தான் இருந்தன. மலையிலிருந்து வந்த தண்ணீர் இரண்டு தொன், இரவு முழுவதும் குளிரில் கிடந்தது. விடிந்ததும் காற்று சூடேறியது, தண்ணீர் ஏறவில்லை. ஹட்டன் 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிற ஊர். பள்ளத்தாக்கிலிருந்து எழும்பிவரும் மூட்டமெல்லாம் இந்தக் குளிர்ந்த தகட்டைத் தேடி வந்து உட்கார்ந்துவிட்டது. விதிநூலை எழுதியவர்கள் மலைநாட்டுப் பனியை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

அன்று பொறுத்திருந்ததில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. ஏனென்றால் அது அந்தத் தொட்டிக்கு இரண்டாவது தண்ணீர்ச் சோதனை. முதல் சோதனை மூன்று வாரத்துக்கு முன்பே நடந்து, தொட்டி தேறிவிட்டது என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. போட்டவன் நான்.

அந்தத் தொட்டி எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது தேயிலைத் தொழிற்சாலைகளில் கலர் சோட்டர் வைக்கிறார்கள். அரைத்துக் காய்ந்த தூள் ஒரு சரிவில் வழுக்கி விழும்போது கமெரா பார்க்கும். தூளுக்குள் ஈர்க்கு, நார் என்று வெளிறிய எது வந்தாலும், ஒரு சொட்டுக் காற்று 'டிக்' என்று அதை மட்டும் தட்டிவிடும். நாள் முழுக்க இந்த டிக் டிக். எங்கள் ஆச்சிமார் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் செய்த வேலை இது. இந்தக் காற்று ஒரே சீராக வர வேண்டும் என்பதற்காகக் கொம்பிரசருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு காற்றுத் தொட்டி நிற்கும். நான் சொல்லும் தொட்டி 2,000 லீற்றர். குறுக்களவு 1.1 மீற்றர், தகடு 8 மில்லிமீற்றர், தாங்க வேண்டிய அழுத்தம் 10 பார்.

10 பார் என்றால் பார்ப்பதற்குச் சின்ன எண். ஆனால் 2,000 லீற்றர் காற்றை அந்த அழுத்தத்தில் அடைத்து வைத்தால், அதற்குள் அரைக் கிலோ டிஎன்டி வெடிமருந்துக்கும் குறையாத சக்தி உட்கார்ந்திருக்கிறது. அதே தொட்டியில் தண்ணீரை 13 பாருக்கு ஏற்றினால் அடைபடுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்று சுருங்கும், சுருங்கியதெல்லாம் விரியப் பார்க்கும். தண்ணீர் சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். தொட்டி கிழிந்தால் தண்ணீர் முற்றத்தில் கொட்டும், காற்றென்றால் கூரை போகும். 1905 மார்ச் 20ஆம் திகதி அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில், ப்ரொக்டன் என்ற ஊரின் சப்பாத்துத் தொழிற்சாலையில், புதிய கொதிகலனை நிறுத்திவிட்டுப் பழையதைப் பற்றவைத்திருந்தார்கள். அது வெடித்துக் கூரையைப் பிளந்துகொண்டு மேலே போனது. கட்டடம் சரிந்து தீப்பிடித்ததில் 58 பேர் இறந்தார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் கொதிகலன்களுக்கு விதிநூல் எழுத உட்கார்ந்ததற்கு இந்த மாதிரி விபத்துகள்தான் காரணம். அதன் முதல் பதிப்பு 1914ஆம் ஆண்டுக்குரியது. இன்று ஹட்டனில் தொட்டி செய்கிறவரும் அந்த நூலின் பேரனைத்தான் புரட்டுகிறார். நம் நாட்டிலும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கொதிகலன்களோடு காற்றுத் தொட்டிகளையும் சேர்த்தே பரிசோதிக்கச் சொல்கிறது. சட்டத்தில் இருக்கிறது.

என் அப்பா தோட்டத்து ஸ்டோரில் பிட்டர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தண்ணீர் அழுத்தத்தில் நிற்கும் கலனைச் சின்னச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார் அவர். அந்தக் காலத்து வழக்கம் அது. இப்போது யாரும் செய்வதில்லை, செய்யவும் கூடாது. அழுத்தத்தில் இருக்கிற வெல்டை அடிக்கிறவனுக்குப் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்த ஒன்றை மறக்க எனக்கு இரண்டு நாள் மழை போதுமாக இருந்தது. "தண்ணீர் கடைசியில்தான்" என்பார் அவர். ஏன் என்று கேட்டால் விளக்கமாட்டார். பத்து வருடம் வளைகுடாவில் வெல்டிங் பரிசோதகனாக வேலை செய்துவிட்டு வந்த எனக்கு விளக்கம் தெரியும். தெரிந்தும் என்ன?

நடந்தது இதுதான். தொட்டி தயார். எக்ஸ்ரே எடுப்பவர்கள் கொழும்பிலிருந்து இரிடியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் உள்ள பெட்டியோடு வர வேண்டும். இரண்டு நாள் விடாத மழையில் வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. பட்டறையில் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். வாடகைக்கு எடுத்த கைப்பம்பு சும்மா நிற்கிறது. தொழிற்சாலையிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை போன் வருகிறது. முதலாளி என்னிடம் வந்து, "சேர், தண்ணீர்தான் தாராளமாக இருக்கிறதே. ஹைட்ரோவை இன்றைக்கே முடித்துவிடுவோம். படத்தைப் பாதை திறந்ததும் எடுத்துக்கொள்ளலாம். எப்படியும் இரண்டும் செய்யத்தானே வேண்டும்?" என்றார்.

எது முதலில் என்பதில் என்ன இருக்கிறது, இரண்டும் நடந்தால் சரி என்ற அந்தக் கணக்கு கேட்பதற்கு நியாயமாக இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன். 13 பார் ஏற்றினோம். ஊசி அசையவில்லை. ஒரு சொட்டுக் கசிவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பாதை திறந்து படம் எடுத்தார்கள். இந்த அளவுத் தொட்டிக்கு முழு நீளமும் எடுக்க வேண்டியதில்லை, 15 மீற்றர் வெல்டுக்கு ஒரு படம் போதும். அப்படி எடுத்தால் மூட்டின் பலத்தைத் தகட்டின் பலத்தில் 85 சதவீதம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு படமும் இல்லையென்றால் 70. நீளமூட்டில் எடுத்த அந்த ஒற்றைப் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. வெல்டின் நட்டநடுவே, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு, 60 மில்லிமீற்றர் நீளம். இயற்கையில் நேர்கோடு அபூர்வம். வெல்டில் நேர்கோடு தெரிந்தால் அது மனிதன் விட்ட பிழை. வெல்டின் முதல் அடுக்கான அடி ஓட்டம் தகடுகளின் விளிம்பை உருக்கி ஒன்றாக்காமல், மேலாகப் பாலம் போட்டுப் போயிருக்கிறது. ஒரு படம் தேறாவிட்டால் அதே மூட்டில் வேறு இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். எடுத்தோம். அதில் ஒன்றிலும் கோடு. பிறகென்ன, மூட்டு முழுவதும் படம்.

இப்படி ஒரு பிழையை வயிற்றில் வைத்துக்கொண்டு தொட்டி 13 பாரை எப்படித் தாங்கியது என்று முதலாளி கேட்டார். பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1.1 மீற்றர் குறுக்களவு, 8 மில்லிமீற்றர் தகடு. 13 பாரில் தகட்டின் சுற்றுவட்ட இழுவிசை ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 90 நியூட்டனைத் தொடாது. வெல்டில் கால்வாசி ஆழம் ஒட்டாமல் கிடந்தாலும், மீதி முக்கால்வாசிக்கு 120 நியூட்டன். அந்த இரும்பு மீளாமல் நீளத் தொடங்குவது 250க்கு மேலே. தாங்காமல் என்ன செய்யும்? தண்ணீர்ச் சோதனை சொல்வது ஒன்றே ஒன்று: இன்றைக்கு, இந்த ஒரு தடவை, இது உடையவில்லை, ஒழுகவில்லை. நாளைக்குக் கொம்பிரசர் ஓடும். அழுத்தம் ஏறும், மெஷின் இழுக்க இறங்கும், மறுபடி ஏறும், வருடக்கணக்காக. ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்தக் கோட்டின் நுனி கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறக்கும். அதைத் தண்ணீர் காட்டாது. படம்தான் காட்டும்.

பரவாயில்லை, கண்டுபிடித்துவிட்டோமே, வெட்டி ஒட்டிவிட்டால் போயிற்று என்று நினைக்கத் தோன்றும். அண்ணன் கிரைண்டரை வைத்து அந்த இடத்தைப் பிளந்தார். உள்ளே செம்மண் நிறத்தில் ஈரத் துரு. நாங்கள்தான் 13 பார் அழுத்தத்தில் பீலித் தண்ணீரை அந்த இடுக்குக்குள் அடித்து ஏற்றியிருந்தோமே! துடைத்துவிட்டு வெல்டிங் குச்சியை வைத்தார். சடசடவென்று வெடித்தது. ஓட்டம் முடிந்து கசடைத் தட்டினால், வெல்ட் முழுக்க அப்பத்தின் ஓரம்போலக் குழி குழியாகத் துளைகள். அதையும் வெட்டியெடுத்துவிட்டு, காஸ் தீபத்தால் அரை மணிநேரம் தகட்டைக் காய்ச்சி, சூளைப் பெட்டியிலிருந்து குச்சிகளைச் சுடச்சுட எடுத்து ஒட்டிய பிறகுதான் ஓட்டம் ஒழுங்காக உட்கார்ந்தது. இந்தக் குளிரில் அந்தக் குச்சிகளை வெளியே வைத்தால், உப்புப் போல ஈரத்தை இழுக்கும். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்தது சொன்னதைவிட மோசம்.

அழுத்தத்தைத் தாங்குகிற தகட்டில் தண்ணீர்ச் சோதனைக்குப் பிறகு நெருப்புப் பட்டால் அந்தச் சோதனை செல்லாது. விலக்குத் தேடி நூலைப் புரட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கதைக்குப் போவதில்லை. ஆக என் கையெழுத்து வெறும் மையாகிவிட்டது. படம் மறுபடி, வெடிப்புத் தேடும் சாயம் மறுபடி, தண்ணீர் மறுபடி.

வரிசை என்பது ஏதோ அலுவலகச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்த வேலை எதை மறைக்கும் என்று கேட்டுக்கொண்டே போனால் வரிசை தானாக வந்து நிற்கும்.

தகட்டின் முதுகில் ஆலை குத்திய எண் இருக்கும். வெட்டி வளைத்த பிறகு அது எந்தத் துண்டில் போனது என்று யாருக்கும் தெரியாது. எனவே வெட்டுமுன் எண்ணை எல்லாத் துண்டுக்கும் மாற்றிக் குத்த வேண்டும். இரண்டு விளிம்பும் மேடு பள்ளமில்லாமல் பொருந்துகின்றனவா, இடைவெளி சரியா என்பதை வெல்டருக்கு முன்னால் பார்க்க வேண்டும். குச்சி ஓடிவிட்டால் அந்தக் கதை உள்ளே புதைந்துவிடும். என் தொட்டியின் பிழை அங்கேதான் பிறந்தது: இடைவெளி போதாது. நான் அந்த நேரத்தில் முற்றத்தின் மறுகோடியில், குழாய் மாட்டும் கழுத்தான நொசிலை அளந்துகொண்டிருந்தேன்.

கடைசி மூடியைப் பொருத்துமுன் உள்பக்கத்து வெல்டையெல்லாம் பார்த்துவிட வேண்டும், பிறகு மேன்ஹோல் வழியாகக் கைவிளக்கோடு நெளிந்து நுழைய வேண்டிவரும். சின்னத் தொட்டியென்றால் அதுவும் இல்லை. நொசிலைச் சுற்றி வைக்கும் பேட் தகடு ஏதாவது மூட்டின் மேல் உட்கார்கிறதென்றால், அந்த மூட்டை மட்டமாகத் தேய்த்துப் படமெடுத்த பிறகே பேட்டை வைக்க வேண்டும். இதைத்தான் எல்லாப் பட்டறையிலும் மறந்துவிடுகிறார்கள். போர்வையைப் போர்த்திவிட்டு உள்ளே யார் என்று கேட்கிற கதை.

அந்தப் பேட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். பார்க்கிறவர்கள் அதைப் போல்ட் போட விட்ட ஓட்டை என்று நினைப்பார்கள், சிலர் உதவி செய்வதாக நினைத்து அடைத்தும் விடுவார்கள். அதன் வழியாக ஒரு பாருக்கு மேல் போகாமல் மெல்லிய காற்றை ஏற்றி, பேட்டின் ஓர வெல்டில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழ் வரும். இது தொட்டிக்குள் தண்ணீர் நுழையுமுன் நடக்க வேண்டும். மயிரிழைப் பாதைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும், மெல்லிய காற்றால் அதைத் தள்ள முடியாது. குமிழும் வராது. கசிவு இல்லையென்று எழுதிவிடுவோம்.

சிவப்புச் சாயமும் அப்படித்தான். துடைத்து உலர்த்திய வெல்டில் சாயத்தைப் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுத்து, வெள்ளை மாவைத் தெளித்தால் வெடிப்புக்குள் ஒளிந்திருந்த சாயம் மேலே ஊறி வந்து சிவப்புக் கோடு போடும். வெடிப்புக்குள் ஏற்கனவே தண்ணீர் குடியிருந்தால் சாயத்துக்கு இடமேது? தகட்டின் சூடு 5 பாகைக்கும் 52 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. வளைகுடாவில் மேல் எல்லைக்குப் பயந்து விடியற்காலையில் சாயம் பூசினேன். ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலைகளில் கீழ் எல்லைக்குப் பயந்து வெயிலுக்காகக் காத்திருந்திருக்கிறேன். ஒரே வேலை, ஒரே டப்பா, எதிரெதிர்ப் பயம்.

தடித்த கலன்களென்றால் நடுவில் இன்னொரு படி நுழையும். வெல்ட் செய்ததால் தகட்டுக்குள் இறுகிக் கிடக்கும் இழுபறியைத் தளர்த்த, முழுக் கலனையும் உலைக்குள் வைத்துக் காய்ச்சுவார்கள். படத்தை உலைக்கு முன் எடுப்பது புத்திசாலித்தனம். பின்னால் எடுத்துப் பிழை வந்தால் வெட்டி ஒட்டி மறுபடி உலைக்குப் போக வேண்டும். ஆனால் காய்ச்சும்போதே திறந்துகொள்ளும் வெடிப்புகளும் உண்டு, எனவே வெடிப்புத் தேடும் வேலை உலைக்குப் பின்பும் ஒரு தடவை. சில உறுதியான இரும்புகளில் வெடிப்பு வெல்ட் செய்த கையோடு வராது. நாங்கள் சாப்பிட்டு, தூங்கி, அடுத்த நாள் வேலைக்கு வந்த பிறகு சத்தமில்லாமல் வரும். அதனால் 48 மணிநேரம் காத்திருந்தே பார்க்கச் சொல்வார்கள். எங்கள் 8 மில்லிமீற்றர் தொட்டிக்கு இந்த இரண்டும் தேவைப்படவில்லை.

பூச்சு விஷயத்தில் எனக்கும் விதிநூலுக்கும் மனவருத்தம் உண்டு. நச்சுப் பொருள் அடைக்காத கலன்களுக்குத் தண்ணீர்ச் சோதனைக்கு முன்பே வர்ணம் பூசலாம், ஆனால் அது கசிவை மறைக்கக்கூடும், கவனம் என்று அந்த நூல் சொல்கிறது. அனுமதியும் கொடுத்து எச்சரிக்கையும் செய்வது மாமியார் வேலை. என் முன்னால் வரும் தொட்டி இரும்பு நிறத்தில்தான் வர வேண்டும்.

இத்தனையும் முடிந்து, எல்லாப் பரிசோதனையும் முடிந்து, எல்லா வெல்டும் முடிந்த பிறகுதான் தண்ணீர்.

தண்ணீருக்குள்ளும் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. மேலே வென்ட் வால்வைத் திறந்து வைத்து, காற்றெல்லாம் வெளியேறி ஒழுங்கான தண்ணீர் வழியும் வரை நிரப்ப வேண்டும். காற்று மிச்சமிருக்கிறதா என்று அறிய அண்ணனுக்கு ஒரு வழி. பம்பின் வாளியில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார். இந்த அளவுத் தொட்டி முட்ட நிரம்பியிருந்தால், அதற்கு மேல் 13 பார் ஏற்ற மூன்று லீற்றர் அளவு போதும். தண்ணீர் கொஞ்சம் சுருங்குகிறது, தொட்டி கொஞ்சம் உப்புகிறது, அவ்வளவுதான். வாளி பாதியாகியும் ஊசி எழும்பவில்லை என்றால் மேல்மூடிக்குள் காற்று ஒளிந்திருக்கிறது. நிறுத்து, இறக்கு, வென்டைத் திற.

இந்தப் பட்டறையில் பம்பு முதலில் கீழே, பீலிக்குப் பக்கத்தில் இருந்தது. தொட்டி நின்ற இடத்துக்கும் அதற்கும் 12 மீற்றர் உயர வித்தியாசம். அழுத்தமானியும் பம்போடு கீழேயே. கீழே ஊசி 13 காட்டும்போது தொட்டியின் தலையில் இருப்பது 12க்கும் குறைவு. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. மலையில் இறங்கும் இராட்சதக் குழாயைப் பார்த்தே வளர்கிறார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் மலைக்குள் குடைந்த வழியாக வந்து, அந்தக் குழாயில் விழுந்து, 1965இல் ஓடத் தொடங்கிய மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. யாருடைய பெயரை அந்த நிலையத்துக்கு வைத்தார்களோ அந்தப் பொறியியலாளர் விமலசுரேந்திர, மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதிக் காட்டியவர். பத்து மீற்றர் இறங்கினால் ஒரு பார். அவருக்குக் குழாயில் கிடைத்த வரம், எனக்குச் சோதனையில் வந்த வம்பு. அழுத்தமானியைத் தொட்டியின் தலையிலேயே பொருத்த வைத்தேன்.

வெயில் இன்னொரு வம்பு. முட்ட நிரம்பி மூடிய தொட்டியில் ஒரு பாகை சூடு ஏறினாலே ஊசி ஒரு பார் அளவுக்கு நகரக்கூடும். மூட்டம் விலகிச் சுள்ளென்று வெயில் விழும் எங்கள் மத்தியானங்களில், பம்பைத் தொடாமலே அழுத்தம் ஏறுவதைப் பார்க்கலாம். அதற்காகத்தான் சோதனைக் குழாயில் ஒரு சின்னப் பாதுகாப்பு வால்வு. ஆட்கள் எல்லாரும் ஒரேயடியாகப் பிளேன்டீக்குப் போகக் கூடாது என்பதும் அதற்காகத்தான். நாங்கள் முறை வைத்துப் போனோம்.

அன்று பன்னிரண்டரைக்கு மூட்டம் கலைந்தது. ஒரு மணிக்குத் தொட்டியின் வியர்வை மேலிருந்து கீழாக உலர்ந்துகொண்டு வந்தது. அண்ணன் பள்ளிக்கூடச் சோக்கட்டியால் ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளையாகத் தேய்த்துவிட்டார். ஈரம் ஊறினால் வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். அழுத்தத்தை மறுபடி 13க்கு ஏற்றி, வைத்திருந்து, 10க்கு இறக்கி, கைவிளக்கோடு சுற்றி வந்தேன். நீளமூட்டில் இரண்டு தடவை. பழுது பார்த்த இடத்தில் மூன்று தடவை. சோக்குத் தூள் மாவுபோல உலர்ந்து கிடந்தது. அடியில், வடிகால் நொசிலின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் வெள்ளை மட்டும்.

"இறக்கலாம் அண்ணன்."

முதலில் வென்ட், பிறகு வடிகால். மாற்றிச் செய்தால் தண்ணீர் வெளியேறும்போது உள்ளே காற்று நுழைய வழியில்லாமல், தகடு மெல்லிய தொட்டியென்றால் பால் டின்போல உள்வாங்கிவிடும். தண்ணீர்ச் சோதனையைத் தாங்கிய தொட்டி வெறும் உறிஞ்சலுக்குச் சுருண்டுபோவதை வேறு ஓர் இடத்தில் பார்த்திருக்கிறேன். துருத்தண்ணீர் முற்றத்தைத் தாண்டிக் கீழேயிருந்த கோவா பாத்திக்குப் பக்கமாக ஓடியது. நான் வாங்கில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். திகதி, அழுத்தம், அழுத்தமானியின் இலக்கம், தண்ணீரின் சூடு. இந்தத் தடவை கை கூசாமல் கையெழுத்துப் போடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

முதுகுக்குப் பின்னால் 'சர்ர்' என்று ஒரு சத்தம். நீல வெளிச்சம் படிவத்தின் மேல் அடித்தது.

திரும்பினால், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன், முகமூடியைச் சாய்த்துக்கொண்டு, தொட்டியின் வயிற்றில் ஒரு சின்னத் தாங்கியை ஒட்டிக்கொண்டிருந்தான். இரண்டு அங்குலம் ஓடிவிட்டது. காலடியில் பெயர்த்தகடு, பளபளவென்று. அதில் எழுத்துக் குத்தி முடித்திருந்தார்கள்: சோதனை அழுத்தம் 13 பார்.

"நிறுத்து!" என்று கத்தினேன். பையன் முகமூடியைத் தூக்கி, "சேர், பெயர்த்தகடு மாட்டத்தானே? முதலாளி சொன்னார், எல்லாம் பாஸ் ஆகிவிட்டது என்று," என்றான்.

அண்ணன் அவனைத் திட்டவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வடிகாலை மூடினார். நீலக் குழாயைச் சுருள் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பீலியை நோக்கிப் படியிறங்கினார்.